வீடியோவை எங்கே நிறுத்துவது?

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில், கடைசி வரிசையில் உற்றுநோக்கல் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். பேரண்டம், சூரியக் குடும்பம் பற்றிய பாடம். அன்றைக்கு நிலவின் பிறைகளைச் சொல்லித்தர வேண்டும்.

நன்றாகத்தான் தயாராகி வந்திருந்தாள். ஆறு நிமிட அனிமேஷன் வீடியோவை முந்தின நாள் ராத்திரியே இறக்கிப் பென் டிரைவில் வைத்திருந்தாள். பள்ளியில் நெட் கிடைக்குமா என்று காத்துக்கொண்டு நிற்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர் அங்கே இருந்தது. ஸ்பீக்கர் சத்தம் பின்வரிசை வரை கேட்கிறதா என்று பிள்ளைகள் வருவதற்கு முன்பே சரிபார்த்துவிட்டாள். வீடியோ ஓடியது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே சொன்னது. படிவத்தில் துணைக்கருவிக்கான கட்டத்தில் நல்ல மதிப்பெண்ணே போட்டேன்.

மணி அடித்த பிறகு பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆடி அமாவாசை. "தம்பி, ஞாயித்துக்கிழமை அமாவாசைல்ல? அன்னிக்கு நிலா ஏன் தெரியல?"

"பூமியோட நிழல் அது மேல விழுந்து மறைச்சிடுது டீச்சர்."

இன்னும் மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் அதே நிழல் பதிலைச் சொன்னார்கள். மூன்றாமவன், "அன்னிக்கு நிலா கெளம்பவே கெளம்பாது டீச்சர்" என்றான்.

வீடியோவில் தப்பு ஏதும் இல்லை. நடுவில் பூமி, சுற்றிலும் எட்டு நிலவு, ஒரு பக்கம் சூரியன். எல்லாம் சரியாக இருந்தது. பின்னே எங்கே தவறியது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். அந்தப் படம் நிலவை எங்கிருந்தோ மேலேயிருந்து, விண்வெளியில் நின்று பார்க்கிறது. பிள்ளை பார்ப்பதோ வீட்டு வாசலில் நின்று. அங்கிருந்து இங்கே இறங்கி வருவதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும். அதைக் கட்டவேண்டியவர் ஆசிரியர். ஆறு நிமிடமும் எங்கள் மாணவி வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள், பிள்ளைகளோடு சேர்ந்து தானும் ஒரு பார்வையாளராக.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் பத்தாம் வகுப்பை முடித்தது 2021-ல். கொரோனா காலம், பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. ஒன்பதாம் வகுப்பின் முடிவிலிருந்து பல மாதங்கள் பாடம் என்றால் அவளுக்குக் கல்வித் தொலைக்காட்சியும், அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவும்தான். புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகத் தொடங்கியது 2018-ல். கல்வித் தொலைக்காட்சி வந்தது 2019-ல். அந்த இரண்டும் சந்தித்த வாசலில் படித்து வந்த தலைமுறை இது. இவர்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் நாம சொல்லித்தரணுமா?" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போனை இயக்க நாம் சொல்லித்தர வேண்டாம், உண்மைதான். ஆனால் திரை வைத்துப் பாடம் நடத்துவது என்றால் இவர்கள் மனதில் இருக்கிற ஒரே உருவம், திரை பேசும், நாம் கேட்போம் என்பதுதான். தனக்கு எப்படி நடந்ததோ அப்படித்தான் ஒருவர் முதலில் நடத்துவார். அந்த உருவத்தை மாற்றாமல் அவர்கள் கையில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும், ஊரடங்குக் கால வகுப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கருவிகளோ மளமளவென்று வந்துகொண்டிருக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான பாடங்களை வீடியோவாகத் தரும் மணற்கேணி செயலி 2023-ல் வந்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கென்று 22,931 திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டு, வேலையும் நடந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. இதையெல்லாம் நான் மனதார வரவேற்கிறேன். எங்கள் காலத்தில் ஒரு உலக வரைபடத்துக்கே பக்கத்துப் பள்ளியில் போய்க் கேட்டு நிற்போம். ஆனால் பெட்டி வந்து இறங்கும் வேகத்துக்கு, அதன் முன்னால் நிற்கப்போகிற இருபது வயதுப் பெண்ணைத் தயார்செய்யும் வேலை நடக்கவில்லை. பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, புதுக் கருவி ஒன்று பள்ளிக்கு வரும்போதெல்லாம் அதன் முன்னால் நிற்பவருக்கு என்ன சொல்லித்தந்தோம் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

பயிற்சி நிறுவனங்களில் கணினிப் பாடம் ரொம்ப நாளாகவே இருக்கிறது. அதை நடத்தும் முறையைப் பற்றித்தான் என் வருத்தம். கணினியின் தலைமுறைகள் எத்தனை, உள்ளீட்டுக் கருவிகள் யாவை, பவர்பாயின்டில் புது ஸ்லைடு சேர்ப்பது எப்படி. ஒரு ரெக்கார்டு நோட்டு, அதில் ஒட்டிய பிரின்ட் அவுட், ஓர் அகமதிப்பீட்டுத் தேர்வு. சமூக அறிவியல் கற்பிக்கும் முறை தனி வகுப்பு, கணினி தனி வகுப்பு. பிறையை ஆறாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்வி இரண்டு வகுப்புக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைக் குழந்தைக்குச் சொல்லத் தெரிவது வேறு, இரண்டாவது தனியான ஓர் அறிவு என்று 1986-ல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் எழுதினார். இருபது வருடம் கழித்து 2006-ல் புண்யா மிஸ்ரா, மேத்யூ கோஹ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்து, மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்றார்கள். எங்கள் மாணவர்கள் இதைத் தேர்வில் மூன்று வட்டம் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள். பிறைப் பாடத்தில் அந்த மூன்று வட்டமும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்டால் பதில் வராது. அதைக் கண்டுபிடிக்க வைக்கிற வேலை எங்களுடையது.

சரி, அந்த மாணவிக்கு வருகிறேன்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் எல்லோரிடமும் நான் ஒன்று சொல்லியிருப்பேன். வாரத்துக்கு ஒரு வகுப்பையாவது போனில் பதிவு செய்யுங்கள். போன் வகுப்பின் பின்பக்கம், ஜன்னல் திட்டில். முன்னால் நிற்கும் நீங்கள் தெரிந்தால் போதும், பிள்ளைகளின் பின்தலை மட்டும் விழட்டும். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நாம் எல்லோரும் பி.எட்டிலும் டிப்ளமோவிலும் செய்த நுண்ணிலைக் கற்பித்தல் 1963-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தபோதே அதன் உயிர் வீடியோப் பதிவுதான். ஐந்து நிமிடம் நடத்து, பதிவை நீயே பார், திருத்திக்கொண்டு மறுபடி நடத்து. நம் ஊருக்கு அது வரும்போது கேமரா வரவில்லை. அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது? அதனால் சக மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தில் டிக் போடும் சடங்காக அது மாறிப்போனது. இன்றைக்கு ஒவ்வொரு பயிற்சி மாணவரின் பையிலும் கேமரா இருக்கிறது. படிவம் மட்டும் அப்படியே தொடர்கிறது. புதிய ஆசிரியருக்குத் தொழில்நுட்பம் செய்யக்கூடிய பெரிய உதவி எது என்று என்னைக் கேட்டால், அவர் தன்னைத் தானே பார்க்க வைப்பது என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்குக் காட்டும் வீடியோ அதற்கு அடுத்தபடிதான்.

அவளும் செவ்வாய்க்கிழமை வகுப்பை அப்படிப் பதிவு செய்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவளும் நானும் அதைப் பார்த்தோம். முதலில் தன் குரலைக் கேட்டே கூச்சப்பட்டாள். எல்லோருக்கும் அப்படித்தான். அப்புறம் பழகிவிட்டது. "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கும், அவள் அடுத்த வேலைக்குத் தாவியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்க்கச் சொன்னேன். ஒரு நொடி கூட இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதைத்தான் கண்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, தானாகப் பேச வருபவர்கள் கூடினார்கள். அவளிடம் மூன்று நொடியை மனதுக்குள் எண்ணிக் காட்டச் சொன்னேன். "இவ்ளோ நேரமா மேடம்?" என்றாள். முன்னால் நிற்பவருக்கு அது ரொம்ப நீளம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரு பதிலை வாய்க்குள் கொண்டுவர அது வேண்டும்.

பிறகு பதிவை முதலிலிருந்து ஓட்டினோம். அதில் நிலவு வீடியோ இரண்டு நிமிடம் நாற்பது நொடியைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் அவள், "மேடம், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாள். இரண்டாவது வரிசையில், ரெட்டைச் சடை போட்ட ஒரு தலை. அதன் பக்கத்தில் ஒரு கை பாதி உயர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, நோட்டின் மேல் போய்விட்டது. அந்த நேரத்தில் திரையில் நிலவு சுற்றிக்கொண்டிருக்கிறது, எங்கள் மாணவி திரையைப் பார்த்து நிற்கிறாள்.

நாலைந்து முறை அதையே ஓட்டிப் பார்த்தாள். வேறொன்றும் பேசவில்லை. "அந்தப் பாப்பா என்ன கேக்க வந்திருக்கும் மேடம்?" என்று மட்டும் கேட்டாள். "எனக்கெப்படிம்மா தெரியும், நாளைக்கு அவகிட்டயே கேளு" என்றேன்.

வியாழக்கிழமை காலை கேட்டிருக்கிறாள். முதலில் அந்தப் பெண், "ஒண்ணுமில்ல மிஸ்" என்றதாம். விடாமல், அந்த வீடியோவை இரண்டு நிமிடம் நாற்பதாவது நொடியில் நிறுத்திக் காட்டியிருக்கிறாள். அப்போது அந்தப் பெண் திரையைக் கை காட்டிச் சொன்னது இது: "அதுல நிலா எப்பவுமே பாதி வெள்ளையாத்தான் இருக்கு மிஸ். அப்புறம் எப்படி அது சின்னதாவும் பெருசாவும் தெரியும்?"

பாடத்தின் சாவியே அந்தக் கேள்விதான். நிலவின் பாதி எப்போதும் வெளிச்சத்தில் இருக்கிறது, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. அந்தப் பெண் வீடியோவைப் பார்த்து, அதில் இருந்ததைச் சரியாகக் கவனித்து, சரியான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வீடியோவுக்கு அது தெரியாது. அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டியது எங்கே என்று ஒரு மனிதருக்குத்தான் தெரியும், அதுவும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நிற்பவருக்கு மட்டும்.

அன்று பிற்பகல் வகுப்புக்கு நானும் போனேன். ஜன்னல்களில் பழைய வேட்டியைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு குண்டு பல்பு. அதுதான் சூரியன். ஒவ்வொரு பிள்ளை கையிலும் பென்சில் முனையில் குத்திய தெர்மாகோல் பந்து. உன் தலைதான் பூமி, பந்துதான் நிலா. கையை நீட்டி, தலைக்குக் கொஞ்சம் மேலே பந்தைப் பிடி. முதலில் பல்பைப் பார்த்து நில். பந்தின் நம் பக்கம் முழுக்க இருட்டு. "இதான் அமாவாசை" என்று யாரோ கத்தினார்கள். இடது பக்கம் மெதுவாகத் திரும்பு. பந்தின் வலது ஓரத்தில் கோடு போல ஒரு வெளிச்சம். "மூணாம் பிறை மிஸ்!" கால்வட்டம் திரும்பினால் பாதி நிலா. பல்புக்கு முதுகைக் காட்டி நின்றால் முழு வெள்ளை.

அங்கே ஒரு பையன் பந்தைத் தாழ்த்திப் பிடித்திருந்தான். அவன் தலையின் நிழல் பந்தின் மேல் விழுந்து இருட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை எனக்கு நிழல் பதில் சொன்ன அதே பையன். "மிஸ், எனக்கு மட்டும் பௌர்ணமி வரல" என்றான். எங்கள் மாணவி ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் சொல்லவில்லை. நின்றாள். மூன்று நொடிக்கும் மேலேயே இருக்கும். அவனே கையை உயர்த்தினான், நிழல் விலகியது. மறுபடி தாழ்த்தினான். "பூமி நிழல் விழுந்தா இப்படி ஆவுது. இது... கிரகணமா மிஸ்?" என்றான்.

அதற்கப்புறம் அதே வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஓட்டினாள். இந்த முறை நான்கு இடத்தில் நிறுத்தினாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிள்ளை எழுந்து, "பூமியில நிக்கிற எனக்கு இப்போ எப்படித் தெரியும்" என்று பலகையில் வரைந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து ஆவணி அவிட்டத்துப் பௌர்ணமி வரை, மேகம் இல்லாத நாட்களில் எல்லாம் வானத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வரச் சொன்னாள். அதே ஆறு நிமிட வீடியோ, அதே புரொஜெக்டர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மாறியது அவள் நின்ற இடமும் பார்த்த திசையும்.

இப்போது எங்கள் நிறுவனத்தில் பாடக்குறிப்பில் 'வீடியோ காட்டுதல்' என்று ஒற்றை வரி எழுதினால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எந்த நிமிடத்தில் நிறுத்துவாய், நிறுத்திவிட்டு என்ன கேட்பாய், அதற்குப் பிள்ளைகள் என்ன தப்பான பதில் சொல்லக்கூடும், இந்த மூன்றையும் எழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்றாவதை எழுதத்தான் அவர்கள் ரொம்பத் திணறுவார்கள். பாடம் நன்றாகத் தெரிந்தால்தான் அதில் எங்கே தடுக்கும் என்று சொல்ல முடியும். ஆக, தொழில்நுட்ப வகுப்பு கடைசியில் பாட அறிவில் வந்து நிற்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. நிறுவனத்திலேயே மாதிரி வகுப்பு எடுக்கும்போது, நான் சொல்லாமல் கொள்ளாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். முதல் முறை எல்லோரும் உறைந்துபோய் நிற்பார்கள். "கரண்ட் வரட்டும் மேடம்" என்பார்கள். பிள்ளைகள் முப்பது பேர் முன்னால் உட்கார்ந்திருக்க, கரண்ட் வரும் வரை என்ன செய்வாய்? சாக்பீஸை எடு, பலகைக்குப் போ. மூன்றாவது நான்காவது முறை, விளக்கு அணைந்ததும் பேச்சு நிற்காமலே கை சாக்பீஸைத் தேடிப் போகும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன, யாரும் சொல்லித்தராதவை. காலை வெயில் எந்த ஜன்னல் வழியாகத் திரையில் விழுகிறது என்று முதல் நாளே பார்த்துவை. உன் போனைத் திரையோடு இணைப்பதற்கு முன்னால் ஃபிளைட் மோடில் போடு. வீட்டிலிருந்து வரும் மெசேஜ் ஆறாம் வகுப்பு முன்னால் பெரிய எழுத்தில் வந்து நிற்க வேண்டாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, உன் ஸ்லைடின் எழுத்தை நீயே படித்துப் பார்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா சொல்லித்தருகிறேன். 2001-ல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்டர் தொடங்கிய இலவச மென்பொருள், நெட் இல்லாமலும் ஓடும். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து எங்கே இழுத்தாலும் மூன்று கோணத்தின் கூட்டல் 180 பாகையிலேயே நிற்பதைக் காட்டலாம். எங்கள் மாணவர்கள் அதை அழகாக இழுத்துக் காட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான். மவுஸ் ஏன் உன் கையில் இருக்கிறது? அதைப் பிள்ளையிடம் கொடு. இழுப்பதற்கு முன், கூட்டல் கூடுமா குறையுமா என்று வகுப்பையே கேள். பிள்ளை கையில் மவுஸைக் கொடுத்தால் வகுப்பு கொஞ்சம் கலைகிறது, நேரம் ஆகிறது, அதனால் கொடுக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தோடு அவர்களை இருபது நாள் பழக விடுவதுதான் பயிற்சி.

இரண்டு வருடமாக ஒரு புதுப் பிரச்சினையும் வந்திருக்கிறது. பாடக்குறிப்பைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேர், மூன்று வேறு பள்ளிக்கு, ஒரே தொடக்க வினாவோடு வந்தார்கள். ஒன்றில், 'மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மடிக்கணினி வழங்கவும்' என்று இருந்தது. அந்தப் பள்ளியில் இரண்டு ஆசிரியர், ஒரு டேப்லெட். நான் அவர்களைத் திட்டவில்லை. தடுத்தால் மறைவில் செய்வார்கள், அவ்வளவுதான். அந்தக் குறிப்பை அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லி, சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தேன். உன் வகுப்பில் நடக்காததை எல்லாம் அடி. உன் வகுப்பில் உள்ள நாலு பிள்ளையின் பெயரை எழுதி, இந்தக் கேள்விக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஓரத்தில் எழுது. ஒரு மணி நேரம் கழித்துப் பக்கம் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பு அத்தனையும் அவர்களுக்கே தெரிந்த விஷயம், எந்த இயந்திரத்துக்கும் தெரியாத விஷயம்.

தமிழில் தட்டச்சு பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இன்னமும் பல பள்ளிகளில் வினாத்தாள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கப்படுகிறது. பயிற்சி மாணவி ஒருத்தி ராத்திரி கண்விழித்துத் தயாரித்த ஸ்லைடுகள், பள்ளிக் கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்துக் கந்தலாக விரிந்ததையும், அவள் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 2010-ல். தமிழ்99 விசைப்பலகை 1999 மாநாட்டிலேயே முடிவானது. முதல் மாதத்திலேயே தமிழ்99-ஐப் பழக்கிவிட்டால் ஒரு வாழ்நாள் சிரமம் தீரும். இதைக் கணினிப் பாடத்தின் முதல் அலகாக வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இனி மனதை உறுத்தும் ஒன்று. பயிற்சிக்குப் போன பள்ளிகளில், "நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணுதானே, இந்த எமிஸ் என்ட்ரிய முடிச்சுக் கொடும்மா" என்று, பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளத்தின் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு மாணவி நாற்பது நாளில் பதினோரு நாள் அலுவலக அறையிலேயே இருந்தாள். அந்தத் தலைமை ஆசிரியரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். அவர் தலையில் விழுகிற பதிவுகளும் படிவங்களும் கொஞ்சநஞ்சம் இல்லை, உதவிக்கு எழுத்தர் கிடையாது. ஆனாலும் இளம் ஆசிரியரின் தொழில்நுட்ப அறிவு பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் பயன்படுவது தரவு ஏற்றத்துக்கு என்றால், அவள் மனதில் அதுவே அந்த அறிவின் அர்த்தமாக ஆகிவிடும். பயிற்சி நாட்களில் இந்த வேலை கொடுக்கக்கூடாது என்று எழுத்துப்பூர்வமாகவே இருக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர்களையும் எங்களோடு உட்கார வைத்து, அந்தப் பதிவுகளைச் சேர்ந்து பார்க்க வேண்டும். எங்களில் எத்தனை பேர் திரையை நிறுத்தி நிறுத்தி வகுப்பு எடுக்கிறோம்? இரண்டு மணி நேரம் பிபிடி ஓட்டிவிட்டு 'மாணவர் மையக் கற்றல்' என்று ஸ்லைடு போட்டால் அவர்கள் ஸ்லைடை நம்பமாட்டார்கள், நாம் நடத்தியதைத்தான் நம்புவார்கள்.

ஆதாரத்துக்கு என்று வகுப்பறைப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் வழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். பிள்ளைகளின் முகம் யார் யார் போனிலோ போய்க் கிடக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தப்பாக எழுதிவிட்டுப் பலகை முன்னால் விழிக்கும் ஒரு குழந்தையின் படம் வெளியே போகக்கூடாது. வகுப்புப் பதிவைப் பார்த்து முடித்ததும் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தப் பாதி உயர்ந்த கையின் பதிவும் இப்போது இல்லை.

அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டுத் தகுதித்தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் பேசினாள். அங்கே பெரிய டச் பேனல் இருக்கிறதாம், ஆனால் அது சுவரோடு இருப்பதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நிறுத்த முடியவில்லையாம். அதனால் கையில் பிடிக்கும் சின்ன ரிமோட் ஒன்றைத் தன் சம்பளத்தில் வாங்கிக்கொண்டாளாம். "இப்போ கடைசி பெஞ்சுல நின்னுக்கிட்டே நிறுத்துறேன் மேடம். அங்கேருந்து பாத்தா யார் முழிக்கிறாங்கன்னு நல்லாத் தெரியுது" என்றாள்.

வரும் திங்கட்கிழமை புது அணி பள்ளிகளுக்குக் கிளம்புகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டைப்பெட்டி தயார் செய்திருக்கிறோம். ஹெச்டிஎம்ஐ கேபிள், ஒரு ஜங்ஷன் பாக்ஸ், பழைய வேட்டி நாலு, குண்டு பல்பு ஒன்று, தெர்மாகோல் பந்து நாற்பது, சாக்பீஸ் டப்பா. ரிமோட் ஒன்றும் சேர்க்க வேண்டும் என்று நேற்றுதான் பட்டியலில் எழுதினேன்.